மீன்தொட்டிக்கு யூ.வி. மாட்டத் தெரியுமா? வருடம் முழுக்க வேலை உண்டு

சத்தியமங்கலத்தில் பிளம்பர், மோட்டார் மெக்கானிக், ஆர்.ஓ. சர்வீஸ் ஆள் என்று கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இவர்களில் யார் வேண்டுமானாலும் கூடுதலாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: மீன்தொட்டிக்கு யூ.வி. கருவி இணைப்பது. கல்லாவுக்குப் பக்கத்தில் அரோவானா வைத்திருக்கும் கடைக்காரர், வரவேற்பறையில் நான்கடித் தொட்டி வைத்திருக்கும் கிளினிக், பண்ணைவீட்டில் கோய் மீன் குளம் கட்டியவர், மாடியில் வண்ண மீன் குஞ்சு பொரிக்கும் குடும்பம் என எல்லோருக்கும் மீன் விற்க ஆள் கிடைக்கும். தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று கூப்பிட்டால் கருவிப்பெட்டியோடு வந்து நிற்கும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். யூ.வி. கருவியை விற்பதில் ஒருநாள் வரும்படிதான். அதைச் சரியான இடத்தில், சரியான ஓட்டத்தில் இணைத்து, ஆண்டுக்கு ஒருமுறை விளக்கு மாற்றப் போகிறவருக்கே அது தொழில். அந்த இரண்டாவது ஆளாக ஆவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

விளக்கு என்ன செய்கிறது?

கருவிக்குள் இருப்பது குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு. அது வெளியிடும் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி, தண்ணீரில் மிதந்து வரும் பாசி, பாக்டீரியா, ஒட்டுண்ணிக் குஞ்சு ஆகியவற்றின் மரபணுவைச் சிதைக்கிறது. சிதைந்த உயிரால் பெருக முடியாது. சூரிய ஒளி பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துகிறது என்று டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1877-இல் காட்டினார்கள். 1910-இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீருக்கே இந்த ஒளியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

நம் நாட்டோடு தொடர்புள்ள கதையும் உண்டு. 1992 கடைசியில் சென்னையில் முதலில் தென்பட்ட ஓ139 என்ற புதுவகைக் காலரா வங்கம் வரை பரவி உயிர்களை வாங்கியது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி அசோக் காட்கில், அதைப் பார்த்துத்தான் கிராமங்களுக்கான செலவு குறைந்த யூ.வி. குடிநீர்க் கருவியை வடிவமைத்தார். அவர் விளக்கைத் தண்ணீரில் முக்காமல் மேலே தொங்கவிட்டார். அதனால் விளக்கின் மேல் உப்பு படியும் தொல்லை இல்லை. மீன்தொட்டிக் கருவியில் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாயும், அதைச் சுற்றித் தண்ணீரும் இருப்பதால் அந்தத் தொல்லை நமக்கு உண்டு. உங்கள் பராமரிப்பு வேலையில் பாதி அதுதான்.

குளோரின் தண்ணீரோடு கலந்து நிற்கும். இந்த ஒளியோ விளக்கு இருக்கும் பேரலுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். கடந்து போன தண்ணீரில் அதன் மிச்சம் எதுவும் இருக்காது. எனவே கண்ணாடியில் ஒட்டிய பாசி, கல்லில் படர்ந்த முடிப்பாசி, மீனின் உடம்பில் ஏற்கெனவே ஏறிவிட்ட வெண்புள்ளி ஒட்டுண்ணி ஆகியவற்றை அது தொடாது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாவையும் தொடாது என்பது நமக்கு லாபம்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்

தொழிலில் பெயர் வாங்குவது இங்கேதான். வாடிக்கையாளர் இப்படித்தான் ஆரம்பிப்பார்:

"ஏனுங்க, இந்த லைட்டப் போட்டா மீனு சாகாதுங்களா?"

"மீனு எதுனால செத்துச்சுன்னு மொதல்ல பாத்துக்கலாமுங்க. அப்பறம் லைட்டப் பத்திப் பேசலாமுங்க."

பையில் அமோனியா டெஸ்ட் கிட் இருக்கட்டும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன் விட்டவர் வீட்டில் மீனைக் கொன்றது பெரும்பாலும் அமோனியாதான். அங்கே யூ.வி. மாட்டினாலும் மீன் சாகும், பழி உங்கள் மேல் விழும். தீனி அதிகம், மீன் அதிகம், தண்ணீர் மாற்றுவதே இல்லை என்றால் அதைச் சொல்லித் திருத்திவிட்டு, வந்து பார்த்ததற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபைட்டர் வளர்க்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துக்கும், நாலு கப்பி விட்ட ஒன்றரை அடித் தொட்டிக்கும் இது தேவையில்லை. தேவைப்படும் இடங்கள் மூன்று. வெயில் படும் குளமும் சன்னலோரத் தொட்டியும் முதல் வகை. அங்கே தண்ணீரே பச்சையாகிவிடும். விலை உயர்ந்த அரோவானா, டிஸ்கஸ் வளர்க்கும் தொட்டி இரண்டாவது. பல தொட்டிகளுக்கு ஒரே சம்ப் (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) வைத்த குஞ்சு வளர்ப்புக் கூடம் மூன்றாவது. அங்கே ஒரு தொட்டியின் நோய் குழாய் வழியாக எல்லாத் தொட்டிக்கும் போகும். பொதுக் குழாயில் ஒரு யூ.வி. நின்றால் அந்தப் பரவல் குறையும்.

வெண்புள்ளிக்கு இதுவே மருந்து என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த ஒட்டுண்ணி நீந்தித் திரியும் பருவத்தில் பேரலுக்குள் வந்தால்தான் மாட்டும். பாசிக்குப் போதுமான ஒளியளவு அதற்குப் போதாது, பல மடங்கு வேண்டும். பரவலைக் குறைக்கும் என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை.

கணக்கு: தொட்டி எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு

அடிக்கணக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி கழித்தால் 220 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்க, மணிக்கு ஒன்று முதல் இரண்டு முறை மொத்தத் தண்ணீரும் யூ.வி. வழியாகப் போனால் நல்லது. இந்தத் தொட்டிக்கு அது மணிக்கு 220 முதல் 440 லிட்டர். வேகம் அதிகமானால் ஒளி படும் நேரம் குறையும். ஓட்டம் மிகவும் குறைந்தால் பேரலில் அழிவதைவிடத் தொட்டியில் பெருகுவது அதிகமாகிவிடும். கருவியின் பெட்டியில் பாசிக்கு ஒரு ஓட்டம், ஒட்டுண்ணிக்கு ஒரு ஓட்டம் என்று இரண்டு எண்கள் போட்டிருந்தால், நோய்க்காக மாட்டும் இடத்தில் சின்ன எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பம்புப் பெட்டியில் 1200 லிட்டர் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். குழாயின் உயரம், எல்போக்கள், அழுக்கேறிய ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். பத்து லிட்டர் பக்கெட்டும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சும் போதும். 36,000-ஐ, பக்கெட் நிறைய ஆன விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 90 விநாடி என்றால் 400 லிட்டர். பக்கெட்டைத் தொட்டியின் விளிம்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து அளக்க வேண்டும். தரையில் வைத்து அளந்தால் தண்ணீர் வேகமாக இறங்கிப் பொய்க்கணக்கு காட்டும். வாடிக்கையாளர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். நீங்கள் குத்துமதிப்பாக வேலை செய்கிறவர் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

குழாய் எங்கே, எப்படி

வரிசை இதுதான்: தொட்டி, ஃபில்டர், யூ.வி., மறுபடி தொட்டி. ஃபில்டருக்கு முன்னால் யூ.வி. வைத்தால் கழிவும் தீனித் துணுக்கும் பேரலுக்குள் போய்ப் படியும். அவற்றின் நிழலில் கிருமி தப்பித்துவிடும்.

கேனிஸ்டர் ஃபில்டர் இருக்கிற வீட்டில், அதன் வெளிவரும் குழாயிலேயே யூ.வி.யை இணைக்கலாம். சில கேனிஸ்டர்களில் 9 வாட் விளக்கு உள்ளேயே பொருத்தி வருகிறது. அங்கே உங்களுக்குப் பராமரிப்பு வேலை மட்டும்தான். கேனிஸ்டரின் ஓட்டம் யூ.வி. தாங்குவதைவிட அதிகமாக இருந்தால் பம்பைத் திணறடிக்க வேண்டாம். வெளிவரும் குழாயில் ஒரு டீ போட்டு, ஒரு கிளையை யூ.வி. வழியாகவும் இன்னொரு கிளையை நேராகவும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். இரண்டிலும் பால் வால்வு வைத்து, யூ.வி. கிளையின் முனையில் பக்கெட் பிடித்து ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். உறிஞ்சும் பக்கத்து வால்வை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைத்து வேகத்தைக் குறைக்காதீர்கள். பம்பு காற்றிழுக்கும், சூடேறும்.

சம்ப் இருக்கிற இடத்தில் வேலை இன்னும் சுலபம். யூ.வி.க்கென்று தனியாக ஒரு சின்னப் பம்பைச் சம்பில் போட்டு, ஃபில்டரைத் தாண்டிய கடைசி அறையிலிருந்து எடுத்து யூ.வி. வழியாகத் தொட்டிக்கு அனுப்புங்கள். பெரிய பம்பின் ஓட்டத்தை இது தொடாது. திரும்பும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள். கரண்ட் போனதும் தண்ணீர் பின்னோக்கி இறங்கிச் சம்ப் வழிந்து தரையெல்லாம் ஆகாமல் அது காற்றிழுத்து நிறுத்தும்.

பேரலைச் செங்குத்தாக நிறுத்தினால் தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளிவர வேண்டும். படுக்க வைத்தால் இரண்டு வாய்களும் மேல்நோக்கி இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே காற்றுக்குமிழி தங்கி, அந்த இடத்தில் குவார்ட்ஸ் குழாய் தண்ணீரில்லாமல் சூடேறும்.

புதிதாக மாட்டுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். அலமாரிக்குள் பேரலை அழகாகச் சுவரோரம் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து விளக்கை வெளியே இழுக்க இடமே இருக்காது, மொத்தக் குழாயையும் அறுக்க வேண்டி வரும். விளக்கு வெளிவரும் பக்கத்தில், விளக்கின் நீளத்துக்கு மேல் நாலு விரல் இடம் விட்டே கிளாம்பு அடியுங்கள்.

சாமான்களும் இணைப்பும்

வீட்டுத் தொட்டிக்கு அரை இஞ்ச் அல்லது முக்கால் இஞ்ச் யூ.பி.வி.சி. குழாய் போதும். வாங்கி வைக்க வேண்டியவை: பால் வால்வு, யூனியன், டீ, எல்போ, எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ., ஹோஸ் நிப்பிள், ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், டெஃப்லான் டேப், சொல்யூஷன், ஹேக்சா.

யூ.வி.யின் இரு பக்கமும் ஒரு பால் வால்வும் ஒரு யூனியனும் கட்டாயம். வால்வை மூடி, யூனியனைக் கழற்றினால் பேரல் கையோடு வந்துவிட வேண்டும். வால்வு இல்லாமல் கழற்றினால், தொட்டித் தண்ணீர் முழுக்க வரவேற்பறையில் இறங்கும். பேரலின் இரண்டு வாயிலும் முதலில் ஒரு எல்போ போடுங்கள். நேரே ஒளி பாய்ந்தால், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் நாளடைவில் மஞ்சளாகி வெடிக்கும்.

மரை இணைப்புக்கு டெஃப்லான் டேப் போதும். ஓரிங் இருக்கும் மூடியைக் கையால்தான் இறுக்க வேண்டும், பைப் ரெஞ்ச் அங்கே ஆகாது, டேப்பும் சுற்றக்கூடாது. ஓரிங் வறண்டு போகாமலிருக்கக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சொல்யூஷன் ஒட்டிய இணைப்பை ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, முதலில் ஓட்டும் தண்ணீரை வெளியே கொட்டுங்கள். அதன் வாடை மீனுக்கு ஆகாது.

குடிநீர் ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழற்றிய 11 வாட் யூ.வி. பேரலை மீன்தொட்டிக்கு மாட்டலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். விளக்கு அதே ஜாதிதான். ஆனால் அந்தப் பேரல் காலங்குலக் குழாயில் நிதானமாகச் சொட்டும் குடிநீருக்கென்று செய்தது. மணிக்கு நானூறு லிட்டரை அதற்குள் திணித்தால் ஓட்டமும் கிடைக்காது, வேலையும் நடக்காது. ஆர்.ஓ. சர்வீஸ் ஆட்களுக்கு இருக்கும் அனுகூலம் வேறு: விளக்கு, சோக், குவார்ட்ஸ் குழாய் மூன்றையும் ஏற்கெனவே கையாண்டு பழகியிருப்பார்கள்.

கரண்ட்: கை நடுங்க வேண்டிய இடம்

தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேலை இது. தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். அதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஸ்டீல் பேரலுக்கு எர்த் கட்டாயம்.

சோக்கைத் தண்ணீர் சொட்டாத இடத்தில், அலமாரித் தரையிலிருந்து உயர்த்தி மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். வயர் வழியே வழியும் துளி அந்த வளைவில் சொட்டி நின்றுவிடும், பிளக்குக்குள் போகாது. பம்பும் யூ.வி.யும் ஒரே சுவிட்சில் இருக்கட்டும். பம்பு நின்று விளக்கு மட்டும் எரிந்தால் பேரலுக்குள் நிற்கும் தண்ணீர் சூடாகும்.

"கரண்ட் பில்லு ஏறுமுங்களா?" என்ற கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்லுங்கள். 9 வாட் விளக்கு இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட்.

சோதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்

ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே பழைய நாளிதழை விரியுங்கள். விளக்கின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பம்பை மட்டும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் நாளிதழ் வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். காய்ந்திருந்தால் பக்கெட் பிடித்து ஓட்டத்தைச் சரிசெய்து, அதன் பிறகு விளக்கைப் போடுங்கள்.

பச்சைத் தண்ணீர் தெளியச் சில நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செத்த பாசி முழுக்க ஃபில்டரில் வந்து அடையும். அதை அப்படியே விட்டால் அங்கேயே அழுகி அமோனியா ஏறும். மூன்றாம் நாள் ஒரு நடை போய் ஸ்பாஞ்சைக் கழுவிக் கொடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டித் தண்ணீரிலேயே கழுவ வேண்டும். இந்த இரண்டாவது நடையையும் முதல் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.

விளக்கை வாங்கும்போது ஏமாறாதீர்கள்

9 வாட் யூ.வி. விளக்கில் பலவும் ஜி23 என்ற இரண்டு முள் அடிப்பாகம் கொண்டவை. மேசை விளக்குக்கு வரும் சாதாரண பி.எல். விளக்கும் அதே அடிப்பாகம்தான், கச்சிதமாகப் பொருந்தும், எரியவும் செய்யும். கிருமியை மட்டும் தொடாது. கிருமி கொல்லும் விளக்கின் கண்ணாடி உள்ளே வெள்ளைப் பூச்சு இல்லாமல் தெளிவாக இருக்கும். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது வெறும் வெளிச்சம். ஊதா நிறத்தில் மினுங்கும் மலிவு எல்.ஈ.டி.க்களில் பலவும் 395 நானோமீட்டர் ஒளிதான் தரும், 254-இன் வேலையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. அடிப்பாகம் பொருந்துகிறதே என்று யூ.வி. விளக்கை வீட்டு மேசை விளக்கில் மாட்டிச் சோதிப்பது பெரிய ஆபத்து.

எரிகிற விளக்கை நேரே பார்க்கக் கூடாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி கண்ணில் மண் கொட்டியது போல் உறுத்தித் தூங்காமல் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும். இதுவும் அதே காயம்தான், சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். நீலம் தெரிகிறதா என்று பேரலின் பார்வைத் துளையில் மட்டும் பாருங்கள்.

நம்ம ஊர்த் தண்ணீர்

பவானி ஆற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் செங்கலங்கலாக வரும். கலங்கிய தண்ணீரை ஒளி ஊடுருவாது. மரக்கட்டை வைத்த தொட்டியில் தேநீர் நிறத்தில் இருக்கும் தண்ணீரும் ஒளியை விழுங்கிவிடும். இரண்டு இடத்திலும் முதலில் ஃபில்டரைச் சரிசெய்யுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீராக இருந்தால் தொட்டிக்கு ஊற்றுமுன் குளோரின் நீக்கி போடச் சொல்லுங்கள், யூ.வி. அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வைக்காதீர்கள்.

போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கதை வேறு. தொட்டியிலேயே சூடான இடம் விளக்கைச் சுற்றிய குவார்ட்ஸ் குழாய்தான், உப்பு முதலில் அங்கேதான் படியும். வெள்ளை உறை போல் படிந்துவிட்டால் உள்ளே புது விளக்கு எரிந்தும் பயனில்லை. எலுமிச்சைச் சாறிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். உப்புக் காகிதம், கம்பி நார் ஆகவே ஆகாது, கீறல் விழும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றால், உப்புத் தண்ணீர் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். முதல் நாளே டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்து, எத்தனை நடை என்பதை முடிவுசெய்யுங்கள்.

வரும்படி நிற்பது பராமரிப்பில்

இந்த விளக்குகளின் ஆயுள் எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதாவது ஓய்வில்லாமல் எரிந்தால் ஆண்டுக்கு ஒரு விளக்கு. கெட்டுப்போன விளக்கும் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், கொல்லும் ஒளி மட்டும் குறைந்திருக்கும். வாடிக்கையாளருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

மாட்டிய அன்றே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டுங்கள். மாட்டிய தேதி, விளக்கின் வாட், அடிப்பாக வகை, பக்கெட் நிறைய ஆன விநாடிகள், அடுத்த விளக்கு மாற்றும் மாதம், உங்கள் எண். அடுத்த முறை பக்கெட் நிறைய அதிக விநாடி ஆனால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று தொட்டியைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

ஆர்.ஓ. மெஷினுக்கு ஏ.எம்.சி. போட்டுப் பழகிய ஊர் நம்முடையது. அதே பாணியில் தொட்டிக்கும் ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நடை, ஆண்டுக்கு ஒரு விளக்கு, இடையில் கூப்பிட்டால் தனிக் கட்டணம். நாற்பது வாடிக்கையாளர் சேர்ந்தால் ஆண்டுக்கு 160 நடை, மாதத்துக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு. உங்கள் வழக்கமான பிளம்பிங் வேலைக்கு இடையிலேயே முடித்துவிடலாம். கோபி ஒரு நாள், புளியம்பட்டி ஒரு நாள், பவானிசாகர் ஒரு நாள் என்று திசைவாரியாகப் பிரித்தால் பெட்ரோல் மிச்சம். ஆசனூர், தாளவாடி பக்கம் விடுதிக் குளங்களுக்குப் போகிறவர்கள், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் மலைப்பாதையின் இரவுப் போக்குவரத்துத் தடையையும் மனதில் வைத்துக் காலையிலேயே கிளம்ப வேண்டும். சொல்யூஷன் உலர ஒரு நாள் வேண்டும் என்பதால், மலை மேல் வேலைக்கு மரை இணைப்புகளைக் கீழேயே பூட்டித் தயாராக எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

பில்லில் சாமான், கூலி, நடைச் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். விளக்கை இணையத்தில் விலை பார்த்துவிட்டுப் பேரம் பேசுகிறவரிடம் சாமானை அவரே வாங்கட்டும் என்று விட்டுவிடலாம், கூலியில் மட்டும் இறங்க வேண்டாம்.

மருந்து ஊற்றும் நாட்களில் யூ.வி.யின் பிளக்கை மட்டும் கழற்றச் சொல்லி அட்டையிலேயே எழுதிவிடுங்கள். மெத்திலீன் புளூ, மாலக்கைட் கிரீன் போன்றவை ஒளியில் சிதையும். செடித் தொட்டிக்கு ஊற்றும் இரும்புச் சத்துக்கும் இதே கதிதான்.

பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குகிறவரிடம் சேருங்கள். கை தவறி உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். விளக்குமாறால் பெருக்காமல், கையுறை போட்டு அட்டையால் அள்ளி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். புது விளக்கைத் துணியால் பிடித்து மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஒளி குறையும்.

எங்கே கற்பது?

அரசு ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பயிற்சி ஓர் ஆண்டு, எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டு ஆண்டு. இரண்டில் ஒன்று இருந்தால் அடித்தளம் போதும். மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள, ஊரில் உள்ள வண்ண மீன் கடையில் சில மாதம் பகுதி நேரமாக நில்லுங்கள். எந்த மீன் எந்த நோயில் எப்படி நீந்தும் என்பது கடையில்தான் கண்ணில் படும். ஒருமுறை சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போய்வந்தால் என்னென்ன கருவிகள் வருகின்றன, யாரிடம் மொத்தமாக வாங்கலாம் என்பது பிடிபடும்.

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-இல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று பவானிசாகரிலேயே இருக்கிறது. மீன் வளர்ப்புப் பயிற்சி அறிவிப்பு எப்போது வரும் என்று அங்கே விசாரித்து வையுங்கள். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் வைத்தார்கள். அப்படித் தொடங்கிய வளர்ப்பாளர்கள்தான் உங்கள் பெரிய வாடிக்கையாளர்கள், காரணம் அவர்களிடம் ஒரு சம்பில் பல தொட்டிகள் இருக்கும். திட்டத்தின் இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். வங்கிக் கடனுக்கும், நிறுவனங்களுக்குப் பில் போடுவதற்கும் அது கைகொடுக்கும்.

முதல் முதலீட்டைக் கருவிகளை வாங்கிக் குவிப்பதில் போடாதீர்கள். ஒரு யூ.வி., ஒரு சின்னப் பம்பு, வால்வு, யூனியன் வாங்கி வீட்டுப் பிளாஸ்டிக் டிரம்மில் மாட்டி ஓட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் அளவுக்குக் கை பழகட்டும். பிறகு தெரிந்தவர் ஒருவரின் தொட்டியில் செய்துகொடுத்து, மூன்று மாதம் விடாமல் போய்ப் பாருங்கள். தண்ணீர் தெளிந்து நின்றால் அவரே நாலு பேரிடம் சொல்வார். இந்த ஊரில் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.